அந்த முதல் புள்ளியை அழிக்காதீர்கள்

கேள்வி: நான் கணிதம் படித்துவிட்டு, நஞ்சியல் ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போலச் செயல்படும், பிளாஸ்டிக்கில் காணப்படும் பிஸ்பினால் வகைச் சேர்மம் ஒன்றைக் கருவுற்ற எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, பிறந்த ஆண் குட்டிகள் வளர்ந்த பின் அவற்றின் புராஸ்டேட் சுரப்பியை எடை போட்டிருக்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2, 20, 200, 2,000, 20,000 மைக்ரோகிராம் என ஐந்து அளவுகள். 2 மைக்ரோகிராம் குழுவில் சுரப்பியின் எடை கூடியிருக்கிறது. நடு அளவுகளில் மருந்தே கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவைப் போலவே இருக்கிறது. 20,000 மைக்ரோகிராமில் குறைந்திருக்கிறது. அளவு கூடக்கூட விளைவு ஒரே திசையில் சென்று தட்டையாகும் என்று கொள்ளும் ஹில் சமன்பாடு இதற்குப் பொருந்தவில்லை. “முதல் புள்ளி பிழையாகத்தான் இருக்கும், எடுத்துவிட்டுப் பொருத்திப் பாருங்கள்” என்கிறார் என் வழிகாட்டி. எடுத்துவிடலாமா? கூடாது என்றால் எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்துவது? எலியிலிருந்து மனிதருக்கு எப்படிப் போவது? இன்னொரு கேள்வி: என் அக்கா கருவுற்றிருக்கிறாள். நான் எதை ஆராய்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து பிளாஸ்டிக் பாத்திரத்தைக் கண்டாலே பயப்படுகிறாள். அவளிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

எடுக்கக் கூடாது. ஒரு புள்ளி பிழையானது என்று காட்டுவதற்கு ஆய்வகக் குறிப்பேட்டில் காரணம் இருக்க வேண்டும். வளைகோட்டில் உட்கார மறுக்கிறது என்பது காரணமாகாது. நீங்கள் ஆராயும் துறையில் கடந்த முப்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டையின் மையமே அந்த முதல் புள்ளிதான். அதை எடுத்துவிட்டால் உங்கள் ஆய்வேட்டில் பேச எதுவும் மிஞ்சாது.

அதே சமயம், அந்தப் புள்ளியை உடனே நம்பிவிடுங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். உங்கள் வழிகாட்டியின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அவருடைய முடிவு மட்டும்தான் தவறு. சந்தேகத்தைத் தீர்க்கும் வேலைகள் சில இருக்கின்றன, அவற்றைச் சமன்பாட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

முதல் வேலை, கணக்கில் எது ஓர் அலகு என்று பார்ப்பது. மருந்து கொடுக்கப்பட்டது தாய்க்கு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒரே கருப்பையையும் ஒரே பெற்றோரின் மரபணுக்களையும் ஒரே பாலையும் பகிர்ந்தவை. ஆகவே எட்டுத் தாய்களுக்குப் பிறந்த நாற்பது குட்டிகளை அளந்தால், உங்களிடம் இருப்பது எட்டுத் தரவுகள்தான், நாற்பது அல்ல. இதைக் கவனிக்காமல் நாற்பது என்று போட்டதால் ‘புள்ளியியல் முக்கியத்துவம்’ பெற்ற கட்டுரைகள் இந்தத் துறையில் ஏராளம். ஈற்றைத் தற்செயல் விளைவாக வைத்து, அதாவது ஈற்றுக்கு ஈற்று வரும் வேறுபாட்டைத் தனியே பிரித்து, கலப்பு மாதிரி ஒன்றைப் பொருத்துங்கள். முதல் புள்ளி அதற்குப் பிறகும் நிற்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குக் கணிதம் கைவந்தது என்பதால் இன்னொன்றும் செய்யலாம்: எந்த அளவிலும் எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஈற்றுக்கு ஈற்று உள்ள வேறுபாட்டை மட்டும் கணினியில் இட்டு, உங்கள் சோதனையைப் பல்லாயிரம் முறை பாவனையாக நடத்துங்கள். இப்படிப்பட்ட ‘முதல் புள்ளி உயர்வு’ சும்மாவே எத்தனை முறை தோன்றுகிறது? அந்த விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழிகாட்டியிடம் பேசினால் அவரும் உட்கார்ந்து கேட்பார்.

இரண்டாவது வேலை, கட்டுப்பாட்டுக் குழு உண்மையிலேயே சுத்தமாக இருந்ததா என்று விசாரிப்பது. குறைந்த அளவு ஆய்வுகளில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. 1998-இல் அமெரிக்க மரபணு ஆய்வாளர் பாட்ரீசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், எதுவும் கொடுக்கப்படாத எலிகளின் கருமுட்டைகளில் திடீரென்று குரோமோசோம் கோளாறுகள் பெருகின. தேடிப் போனபோது காரணம் கூண்டில் இருந்தது. பாலிகார்பனேட் கூண்டுகளையும் நீர்ப் புட்டிகளையும் தவறான சோப்புக் கரைசலில் கழுவியதால் பிளாஸ்டிக் சிதைந்து பிஸ்பினால் ஏ (சுருக்கமாக பிபிஏ) கசிந்திருந்தது. 2003-இல் அதை அவர்கள் வெளியிட்டார்கள். உங்கள் எலிகளின் கூண்டு எதனால் ஆனது? தீவனத்தில் சோயா எவ்வளவு? சோயாவின் தாவர ஈஸ்ட்ரோஜன்களே சில மைக்ரோகிராம் பிஸ்பினாலை மூழ்கடித்துவிடும். கூடவே, எத்தினைல் ஈஸ்ட்ரடையால் போன்ற உறுதியான ஈஸ்ட்ரோஜன் ஒன்றைக் கொடுத்த ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்றும் கேளுங்கள். அந்தக் குழுவிலும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அந்த எலி இனமே ஈஸ்ட்ரோஜனுக்கு மந்தமானது. அப்போது நடு அளவுகளில் காணும் ‘விளைவில்லை’ என்ற முடிவுக்கும் மதிப்பில்லை.

இவற்றைக் கடந்தும் புள்ளி நின்றால் சமன்பாட்டுக்கு வாருங்கள். நான் உங்களிடம் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

நஞ்சியலில் பழகிய கணித மாதிரிகள் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. சயனைடு இல்லாத உடலில் சயனைடின் விளைவு பூஜ்யம், கொஞ்சம் சேர்த்தால் உடல் சமாளிக்கும், ஓர் எல்லைக்கு மேல் சமாளிக்காது. 16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் சொன்ன ‘அளவுதான் நஞ்சு’ என்ற கொள்கை இதற்குப் பொருந்தும். ஹார்மோனின் கதை வேறு. உங்கள் சேர்மம் வந்து சேரும் முன்பே உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ரடையால் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. தராசுத் தட்டில் ஏற்கெனவே எடைக்கல் இருக்கும்போது, முள் அசைய இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதை அந்த எடைக்கல்லைக் கணக்கில் எடுக்காமல் சொல்ல முடியாது. ஆகவே முதலில் உடலின் சொந்த ஹார்மோனுக்குச் சமன்பாடு எழுதுங்கள், அது எலியின் அந்த வயதில், அந்தத் திசுவில் எங்கே நிற்கிறது என்று காணுங்கள், அதன் பிறகு சேர்மத்தை உள்ளே விடுங்கள். நான் பார்த்த தோல்வியடைந்த மாதிரிகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவை.

எண்களோடு பார்க்கலாம். ஏற்பிகளில், அதாவது ஹார்மோன் வந்து பிணையும் செல் புரதங்களில், எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதற்கான எளிய சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: செறிவை, செறிவும் பாதிநிறைவுச் செறிவும் (ஏற்பிகளில் பாதி நிரம்பும் செறிவு) சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். செறிவு பாதிநிறைவின் பத்தில் ஒரு பங்காக இருந்தால் 9 சதவீத ஏற்பிகள் நிரம்பும். பாதிநிறைவுக்குச் சமமானால் 50 சதவீதம். பத்து மடங்கானால் 91. நூறு மடங்கானால் 99. அதாவது பத்து மடங்கிலிருந்து நூறு மடங்குக்கு ஏற்றினாலும் கிடைக்கும் மாற்றம் வெறும் 8 சதவீதப் புள்ளிகள். அதே அளவு மாற்றம் அடிப்பகுதியில் மிகச் சொற்பமான செறிவிலேயே வந்துவிடுகிறது. இயற்கை ஹார்மோன் எங்கே நிற்கிறது? ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் ஈஸ்ட்ரடையால் என்பது ஏறத்தாழ 0.37 நானோமோலார். அதில் புரதங்களோடு ஒட்டாமல் சுதந்திரமாக இருப்பது இரண்டு மூன்று சதவீதம்தான், அதாவது 0.01 நானோமோலாருக்கு அருகில். ஏற்பியின் பாதிநிறைவுச் செறிவு இதைவிடக் கணிசமாகப் பெரியது. எனவே உடல் இயங்குவது வளைகோட்டின் அடியில், செங்குத்தாக ஏறும் பகுதியில். போதாக்குறைக்கு, பல திசுக்களில் ஒரு சிறு பங்கு ஏற்பிகள் நிரம்பினாலே முழு விளைவும் கிடைத்துவிடும். மிகப் பெரிய அளவுகளில் சோதித்துவிட்டு, அங்கே வளைகோடு தட்டையாக இருக்கிறது என்பதால் கீழேயும் ஆபத்தில்லை என்று முடிவு செய்யும் வழக்கத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

இனி சேர்மத்தை உள்ளே விடுவோம். பல பிஸ்பினால்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு மிகப் பலவீனமாகப் பிணைபவை. பிஸ்பினால் ஏ-யின் பிணைப்பு வலிமை ஈஸ்ட்ரடையாலின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் இடையே மதிப்பிடப்படுகிறது. சில திசுக்களில் இவை அரைகுறைத் தூண்டிகளாக இருக்கும், அதாவது பிணைந்த பிறகும் முழு விளைவை எழுப்பாது. ஹார்மோனின் திறன் 1 என்றால் சேர்மத்தின் திறன் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஏற்பிக்குப் போட்டியிடுகின்றன. ஹார்மோன் தன் பாதிநிறைவின் பத்தில் ஒரு பங்காக மட்டும் இருக்கும் குட்டியில் விளைவு 0.09. சேர்மம் தன் பாதிநிறைவின் அளவுக்கு வந்தால் அது 0.19 ஆகிறது, அதாவது இரட்டிப்பு. ஹார்மோன் தன் பாதிநிறைவைப் போல இரு மடங்கு இருக்கும் வளர்ந்த விலங்கில் விளைவு 0.67. அதே சேர்மம் அதே அளவில் வந்தால் 0.58 ஆகக் குறைகிறது. ஒரே பொருள், ஒரே அளவு, எதிரெதிர்த் திசைகள்! சமன்பாட்டை வகையிட்டுப் பார்த்தால் விதி தெளிவாகவே வெளிவரும்: சேர்மத்தின் திறன், ஹார்மோன் ஏற்கெனவே எழுப்பியிருக்கும் விளைவைவிட அதிகமாக இருந்தால் கூட்டும், குறைவாக இருந்தால் குறைக்கும். ஒரு ஆய்வகம் ‘கூடியது’ என்றும் இன்னொன்று ‘குறைந்தது’ என்றும் சொல்லும்போது இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்க வேண்டியதில்லை. எந்த வயது, எந்தச் சுழற்சி நாள், எந்தத் திசு என்று கேட்க வேண்டும்.

ஆனால் கவனியுங்கள், இந்த ஒற்றை ஏற்பிச் சமன்பாடு எவ்வளவு திருகினாலும் வளைகோட்டை ஏறி இறங்க வைக்காது. வகைக்கெழுவின் குறி சேர்மத்தின் அளவைச் சார்ந்து மாறுவதில்லை. உங்கள் தரவைப்போல ஏறி, திரும்பி, இறங்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு நிகழ்வுகள் வெவ்வேறு செறிவுகளில் எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். ஹார்மோன் நிலை மாறுபடும் இரு வகைச் செல்கள் ஒரே சுரப்பியில் கலந்திருந்தாலும் கூட்டுத்தொகை திரும்பலாம். இங்கேதான் கணிதம் உயிரியலிடம் கேள்வி கேட்கிறது: அந்த இரண்டாவது நிகழ்வு என்ன?

சாத்தியங்கள் நன்றாக அறியப்பட்டவை. அதிகத் தூண்டலில் செல் தன் ஏற்பிகளையே குறைத்துக்கொள்ளும். இரண்டு வகை ஏற்பிகள் எதிரெதிர் வேலை செய்யலாம். உயர் அளவில் செல்கள் நேரடியாகச் சாகலாம், அப்போது இறங்கும் பாதிக்கும் ஹார்மோனுக்கும் தொடர்பே இராது. எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது பின்னூட்டம். ஃப்ளூட்டமைடு என்ற மருந்து, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்கள் பிணையும் ஆண்ட்ரோஜன் ஏற்பியை அடைக்கிறது. மூளையும் டெஸ்டோஸ்டிரோன் போதவில்லை என்று எண்ணி, விந்தகத்தைத் தூண்டும் எல்எச் ஹார்மோனை அதிகம் அனுப்ப வைக்கிறது. விந்தகம் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிவிடுகிறது. ஆண்ட்ரோஜனைத் தடுக்க வந்த மருந்து ரத்தத்தில் ஆண்ட்ரோஜனை உயர்த்துகிறது! ரத்த அளவை மட்டும் பார்ப்பவர் தலைகீழான முடிவுக்கே வருவார். மூளையும் சுரப்பியும் பேசிக்கொள்ளும் இந்த வட்டத்தை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதாமல், அளவை ஒரு பக்கமும் விளைவை இன்னொரு பக்கமும் வைத்துக் கோடு போடுவது உயிருள்ள உடலுக்குப் போதாது.

நேரமும் ஒரு மாறி. 1978-இல் எர்னஸ்ட் நோபிலின் குழு ரீசஸ் குரங்குகளில் காட்டியது இது: பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட மூளை அனுப்பும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனை மணிக்கு ஒரு துடிப்பாகக் கொடுத்தால் பிட்யூட்டரி சுரக்கிறது, இடைவிடாமல் செலுத்தினால் அடங்கிவிடுகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு இன்று கொடுக்கப்படும் சில மருந்துகள் இந்த அடக்கத்தையே பயன்படுத்துகின்றன. முதல் சில நாட்கள் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், பின்பு சில வாரங்களில் விழுந்துவிடும். மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும் எப்படி வந்தது என்பதைப் பொறுத்து விளைவு திரும்புகிறது. உங்கள் எலிகளுக்கு மருந்து காலையில் ஒரே வீச்சில் குழாய் வழியாகச் சென்றதா, நாள் முழுக்கக் குடிநீரில் சென்றதா என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

நீங்கள் காண்பது புதியதும் அல்ல. 1997-இல் ஃப்ரெடரிக் வோம் சால் குழுவினர் எலிக் கருக்களில் சுதந்திர ஈஸ்ட்ரடையாலை 50 சதவீதம் உயர்த்தியபோது, அவை வளர்ந்த பின் புராஸ்டேட் பெரிதாக இருந்தது. அளவை இன்னும் பல மடங்கு உயர்த்தியபோது சிறுத்தது. டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனும் அதே வடிவத்தைத் தந்தது. ஆனால் பிஸ்பினால் ஏ குறைந்த அளவில் புராஸ்டேட்டைப் பெரிதாக்குகிறது என்ற முடிவை வேறு சில ஆய்வகங்களால் திரும்பக் காண முடியவில்லை. இரண்டையும் உங்கள் முன்னுரையில் எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்.

இனி நடைமுறை. உங்களிடம் கட்டுப்பாட்டோடு சேர்த்து ஆறு குழுச் சராசரிகள் இருக்கின்றன. ஏறி இறங்கும் இரு ஹில் கோவைகளுக்கு அடிநிலை, இரண்டு உயரங்கள், இரண்டு பாதிநிறைவுகள், இரண்டு செங்குத்துக் குணகங்கள் என ஏழு அறியாமாறிகள் வேண்டும். ஆறு புள்ளிகளில் ஏழைக் கண்டுபிடிக்க முடியாது. கணினி ஏதோ ஒரு விடையைத் தரும், அதை நம்பாதீர்கள். பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தும் ஆசையும் வரும். அது எல்லாப் புள்ளிகளையும் தொட்டு அழகாக வளைந்து போகும், உயிரியலைப் பற்றி ஒன்றும் சொல்லாது, கடைசிப் புள்ளிக்கு அப்பால் ஓரடி வைத்தால் வானத்துக்கோ பாதாளத்துக்கோ போய்விடும். மாறாக, பிணைப்பு மாறிலிகளை ஏற்பிச் சோதனைகளிலிருந்து எடுத்து முன்னறிவாக வையுங்கள். குட்டிகளின் ஹார்மோன் அளவைக் கட்டுப்பாட்டுக் குழுவில் அளக்கச் சொல்லுங்கள். எஞ்சிய ஒன்றிரண்டு அறியாமாறிகளை மட்டும் தரவிடம் விடுங்கள். தட்டையானது, ஒரே திசையில் செல்வது, திரும்புவது என மூன்று மாதிரிகளையும் பக்கத்தில் வைத்து, எதற்கு எவ்வளவு ஆதரவு என்று பேய்சிய (Bayesian) முறையில், அதாவது முன்னறிவையும் தரவையும் சேர்த்து நிகழ்தகவாக, பகிருங்கள். ‘திரும்பும் மாதிரிக்கு மிதமான ஆதரவு’ என்ற முடிவு வந்தால் அதை அப்படியே எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுமுறை சோதனை செய்ய வாய்ப்புக் கிடைத்தால், 2-க்குக் கீழே ஓர் அளவும், 2-க்கும் 20-க்கும் நடுவே ஓர் அளவும் சேருங்கள். பத்துப் பத்து மடங்காகத் தாவும் அளவுகளுக்கு இடையே ஒரு முழு மேடு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது.

எலியிலிருந்து மனிதருக்கு. மிகவும் வேலை வாங்கும் பகுதி இது. கொடுத்த அளவை மறந்துவிடுங்கள், உடல் எடைக்கு நான்கில் ஒரு பங்கு அடுக்கு என்ற விதியால் வகுப்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்த விதி கால் கிலோ எலிக்கும் 70 கிலோ மனிதருக்கும் இடையே கிலோவுக்கான அளவில் ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு தரும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது திசுவில் சேர்மத்தின் சுதந்திரச் செறிவு. அதற்கு உடலியல் அடிப்படையிலான இயக்க மாதிரி வேண்டும்: கல்லீரல், குடல், கொழுப்பு, கருப்பை, கரு என ஒவ்வொன்றையும் ஓர் அறையாகக் கொண்டு, ரத்த ஓட்டம் எவ்வளவைக் கொண்டுவருகிறது, எவ்வளவை எடுத்துப்போகிறது, நொதி எவ்வளவை மாற்றுகிறது என்று கணக்கிடுவது. பிஸ்பினால் ஏ-யை எடுத்துக்கொண்டால், வாய்வழியே போனதன் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் குளுக்குரோனைடாக மாற்றிவிடுகின்றன. அந்த வடிவம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டாது. மனிதரில் அது சிறுநீரில் வெளியேறிவிடும், அரைவாழ்வு ஆறு மணி நேரத்துக்குள். எலியிலோ அது பித்தநீர் வழியாகக் குடலுக்குத் திரும்பி, அங்கே பாக்டீரியாக்கள் மீண்டும் பிஸ்பினாலாக உடைக்க, மறுபடி உறிஞ்சப்படுகிறது. ஆகவே எலியில் சேர்மம் நீண்ட நேரம் சுற்றும். மறுபக்கம், புதிதாகப் பிறந்த குழந்தையின் கல்லீரலில் இந்த நொதிகள் முதிர்ந்திருக்காது. ஈஸ்ட்ரடையாலை எலிக் கருவின் ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் பிடித்துக் கட்டிவைக்கும். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலை அது கட்டாது. மனிதரின் அதே புரதம் ஈஸ்ட்ரடையாலையும் அப்படி இறுகப் பிடிப்பதில்லை. இத்தனையும் மாதிரிக்குள் வர வேண்டும்.

காலச் சாளரமும் மாற வேண்டும். ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் போக்கைத் தீர்மானிக்கும் சாளரம் எலியில் கருக்காலத்தின் 15 முதல் 18 நாட்களுக்குள் விழுகிறது. மனிதரில் அதற்கு இணையானது 8 முதல் 14 வாரங்கள் என்று கருதப்படுகிறது. ஆண்டுச் சராசரி வெளிப்பாட்டை உள்ளிட்டால் அந்தச் சில வாரங்கள் கரைந்துபோகும்.

இன்னும் ஒன்று, உண்மையான உடலில் உங்கள் சேர்மம் தனியாக வருவதில்லை. 2002-இல் சில்வா, ராஜபக்ஷ, கோர்ட்டன்காம்ப் மூவரும் பலவீனமான எட்டு ஈஸ்ட்ரோஜனியச் சேர்மங்களை, தனித்தனியே எந்த விளைவும் காட்டாத செறிவுகளில் கலந்தார்கள். கலவை தெளிவான விளைவைக் காட்டியது. ஒரே ஏற்பியை நாடுபவை என்றால், ஒவ்வொன்றின் செறிவையும் அதன் வலிமைக்கேற்பக் கூட்டும் செறிவுக் கூட்டல் என்ற எளிய விதியே அதைக் கணித்துவிடுகிறது. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் இதற்குத் தாராளமாகத் தகும்.

இவ்வளவு செய்த பிறகும் ‘பாதுகாப்பான அளவு’ என்று ஒரே ஓர் எண்ணை எழுதச் சொன்னால் தயங்குங்கள். பிஸ்பினால் ஏ-க்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006-இல் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் என்றது. 2015-இல் 4 மைக்ரோகிராம். 2023-இல் 0.2 நானோகிராம், அதாவது முந்தையதில் 20,000-இல் ஒரு பங்கு. அதே ஆய்வுகளைப் படித்த ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 200 நானோகிராம் போதும் என்றது. ஆயிரம் மடங்கு வேறுபாடு! ஒருவர் எலியின் நோய் எதிர்ப்புச் செல்களில் வந்த மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டார், மற்றவர் விந்தணு எண்ணிக்கையை. எந்த விளைவைத் தீங்கு என்று எடுத்துக்கொள்கிறோம் என்ற முடிவு சமன்பாட்டுக்கு வெளியே நடக்கிறது. அமெரிக்காவில் நடந்த க்ளாரிட்டி என்ற பெரும் ஆய்வும் 2.5 முதல் 25,000 மைக்ரோகிராம் வரை ஐந்து அளவுகளைச் சோதித்தது. 2018-இல் அடிப்படை அறிக்கை வந்தபோது அரசு ஆய்வாளர்கள் ‘குறைந்த அளவில் பெரிதாக எதுவும் இல்லை’ என்றார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலர் அதே விலங்குகளில், மிகக் குறைந்த அளவிலேயே மாற்றங்களைக் காட்டினார்கள். இந்தச் சண்டையில் ஒரு பக்கம் நிற்க உங்களுக்கு அவசரம் வேண்டாம். உங்கள் எண்ணோடு அதன் நிச்சயமின்மை எல்லையையும், எந்த விளைவைத் தேர்ந்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

குறைந்த அளவு விளைவு என்பதே வெறும் ஆய்வகக் கற்பனையா என்று யாராவது கேட்டால் கனடாவின் ஏரியைச் சொல்லுங்கள். அங்கே சோதனைக்கென்று ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகள், லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் மட்டும் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் கலந்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு புரதம் தோன்றியது. ஒரு சிறு மீனினம் ஏறத்தாழ அழிந்தே போனது. 2007-இல் கேரன் கிட் குழுவினர் வெளியிட்ட அந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது என்னால் மேசையை விட்டு எழ முடியவில்லை. இன்றும் புதிய மாணவர்கள் எல்லோருக்கும் அதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

இனி உங்கள் அக்கா. அவருக்கு மாதிரி வேண்டாம், நிம்மதியும் தெளிவும் வேண்டும். நீங்கள் ஆராய்வது எலிக் கூட்டங்களின் சராசரி மாற்றங்களை. அதிலிருந்து ஒரு தாய்க்கு, ஒரு குழந்தைக்கு இது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நேற்று வரை பயன்படுத்திய பாத்திரத்தை நினைத்துக் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதே இல்லை. அமெரிக்காவில் 2003-04-இல் சோதித்தபோது, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் 93 சதவீதத்தினரின் சிறுநீரில் பிஸ்பினால் ஏ இருந்தது. இது தனிமனிதத் தவறு இல்லை, சட்டங்கள் சரிசெய்ய வேண்டிய விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் உணவைத் தொடும் பொருட்களில் அதைத் தடை செய்யும் விதியை 2024-இல் இயற்றியதும் அதனால்தான்.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. பிஸ்பினாலும், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் உடலில் தங்குவதில்லை. 2011-இல் வெளியான சிறு ஆய்வொன்றில், ஐந்து குடும்பங்கள் மூன்று நாட்கள் மட்டும் டப்பாவிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்கப்படாத புதிய உணவைச் சாப்பிட்டன. சிறுநீரில் பிஸ்பினால் ஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. ஆகவே இன்று தொடங்கினால் இந்த வாரமே பலன் தெரியும். சூடான உணவையும் கொழுப்புள்ள உணவையும் பிளாஸ்டிக்கில் போடாமல், பிளாஸ்டிக்கில் வைத்துச் சூடாக்காமல் இருந்தால் போதும். கடை ரசீதுகளை வெகுநேரம் கையில் வைத்திருக்க வேண்டாம். தகர டப்பா உணவைக் குறைத்துக்கொள்ளட்டும்.

இதைவிட முக்கியமாக நான் கேட்பது அயோடின். கருவின் தைராய்டு ஹார்மோன் முதல் மாதங்களில் முழுக்கத் தாயிடமிருந்தே வருகிறது. பெர்குளோரேட் போன்ற மாசுகள் தைராய்டுக்குள் அயோடின் நுழையும் வாசலை அடைப்பவை. தாயிடம் அயோடின் போதுமான அளவு இருந்தால் அந்தப் போட்டியில் உடலே வெல்லும், குறைவாக இருந்தால் சிறிய அடைப்பும் பெரிதாகும். கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. உப்பு அயோடின் கலந்ததா, தைராய்டுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று அவருடைய மருத்துவரிடம் அடுத்த முறை கேட்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் தானாக எதையும் மாற்ற வேண்டாம்.

‘பிபிஏ இல்லாதது’ என்று அச்சிட்ட புதிய பிளாஸ்டிக் பாத்திரங்களை வாங்கி அடுக்கவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பதிலாகப் பல இடங்களில் வந்திருப்பது பிஸ்பினால் எஸ், அதுவும் ஏற்பியோடு பிணைவதுதான். வீட்டில் இருக்கும் கண்ணாடியும் எஃகும் போதும்.